மண்டைக்குள் ஒரு ப்ளோஹோல்

என் தலைவலிக்கு இடது பக்கம்தான் சொந்த ஊர். புருவத்துக்கு மேலே எங்கேயோ கிளம்பி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, காதுவரை காலை நீட்டிக்கொள்ளும். வருவதற்கு முன்னால் கண்ணெதிரே வளைவு வளைவாக ஒரு வெளிச்சம் ஓடும், வெல்டிங் அடிக்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தது போல. அப்புறம் வாந்தி. அப்புறம் அன்றைக்குப் பூராவும் வீட்டு மூலையில் ஒரு சிமெண்டு மூட்டை மாதிரிக் கிடப்பேன். மனைவி என்னைத் தாண்டித் தாண்டி வேலை செய்வாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். கண்ணைப் பார்த்தார்கள், முழங்காலைத் தட்டினார்கள், ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். ஒற்றைத் தலைவலி என்று பேர் சொல்லி மாத்திரை எழுதினார் டாக்டர்.

"ஸ்கேன் எடுக்கணுங்களா சார்?"

"உங்களுக்குத் தேவையில்லப்பா."

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். நானும் வாசல்வரைக்கும் நிம்மதியாகத்தான் வந்தேன். வாசலில் ஒரு யோசனை வந்தது. ஏன் தேவையில்லை? எடுத்தும் பிரயோசனம் இல்லாத இடத்துக்குப் போய்விட்டதா? டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாரே, அது எதனால்?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்குக் கவலைப்பட வேண்டும், எதைக் கவலைப்படாமல் விட்டுவிடலாம் என்று மேல்வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் பாடம் நடப்பதற்குள் நான் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்கு வந்துவிட்டேன். அதனால் பாகுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறேன்.

இந்தக் கவலைக்கு மட்டும் ஆதாரம் இருந்தது. எங்கள் தெருவில் தலைவலி என்று படுத்த ஒருவர் எழுந்திருக்கவில்லை. மண்டைக்குள் கட்டி என்றார்கள். அவருக்கு வலித்தது வலது பக்கம், எனக்கு இடது பக்கம் என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தேறி இருந்தேன். பிறகு ஒருநாள், அவர் எனக்கு எதிரே நின்று பேசும்போது அவருடைய வலது எனக்கு இடதாகத்தானே இருந்தது என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கும் கட்டி.

"உனுக்குக் கட்டியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வாயத் தொறந்தாலே தலைவலின்ற. கொஞ்ச நேரம் மூடிகினு இரு, தானா போவும்," என்றாள் மனைவி. அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள். நாள் முழுக்கப் பெண்கள் பிரித்துப் போட்டதை மடித்து வைத்துவிட்டு வருகிறவளுக்கு நான் பிரித்துப் போடுகிற கவலை ஒரு கணக்கே இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே பார்த்தவர்கள் யாராவது ஒருவர், கட்டி இருக்கிறது அல்லது இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம், விருப்பம் உள்ளவர்கள் வரலாமாம். தேவையில்லை என்ற ஸ்கேனை யாரோ வலியக் கூப்பிட்டு எடுக்கிறார்கள். அந்த இடத்திலேயே போன் செய்தேன்.

ஆராய்ச்சி நடக்கிற இடம் நகரத்தின் தெற்கு ஓரம். திருவொற்றியூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி மாறிப் போக வேண்டும். மரமும் புல்லும் மான் மேயாத குறையுமாக ஒரு வளாகம். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் புரிந்தது, நாற்றம் இல்லை. அங்கே காற்று என்றால் வெறும் காற்றுதான்.

ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஒரு இளம்பெண். கட்டிக்கொடுத்த என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்.

"சார், உங்களுக்கு எதனால தலைவலி ஆரம்பிக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? சில பேருக்கு சீஸ் சாப்பிட்டா வரும். சில பேருக்கு ரெட் ஒயின். சாக்லேட். வாசனைத் திரவியம்."

"நான் ஃபவுண்டரில வேலை செய்றேங்க."

"சரி. வாசனை ஏதாவது ஒத்துக்காதா?"

எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "எங்க பக்கம் காத்து எப்டி அடிக்குதோ அப்டிங்க," என்றேன். "கடல் பக்கமிருந்து அடிச்சா மீன் நாத்தம். மேற்கால இருந்து அடிச்சா கேஸ் மாதிரி ஒண்ணு வரும், தொண்டையில நிக்கும். வடக்கால இருந்து கரண்ட் கம்பெனி சாம்பல். காத்தே இல்லன்னா எங்க ஃபவுண்டரி."

அவர் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "இதுல எது வந்தா தலைவலிக்குது?"

"எது வந்தாலும்."

"எதுவும் வராத நாள்ல?"

"அப்டி ஒரு நாள் வந்தா சொல்றேங்க."

சிரித்தார். வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதா, சத்தம் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பற்றிச் சொன்னேன். ஹார்ன் அடித்தால் முன்னால் நிற்கும் கண்டெய்னர் கரைந்து வழிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த டிரைவர்கள். அதையும் எழுதிக்கொண்டார். என் ஊரைப் பற்றி யாராவது இவ்வளவு அக்கறையாகக் குறிப்பெடுத்து நான் பார்த்ததில்லை.

கடைசியில்தான் தலையில் இடியைப் போட்டார்.

"சார், ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இது வைத்தியத்துக்கான ஸ்கேன் இல்ல. ஆராய்ச்சிக்கு மட்டும். அதனால ரிப்போர்ட்னு எதுவும் தரமாட்டோம். ஸ்கேன் டாக்டர் ஒருத்தர் படத்தைப் பார்ப்பார். அவசரமா கவனிக்கவேண்டியது ஏதாவது தெரிஞ்சா நாங்களே உங்களைக் கூப்பிடுவோம்."

"கூப்பிடலன்னா?"

"ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

உலகத்தில் எத்தனையோ விதமான மனிதர்கள் இருக்கிறார்கள். அதில் போன் வராததைக் கேட்டு நிம்மதி அடையச் சொல்வதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கும் மிஷின் பெரிய காந்தம் என்பதால், உடம்பில் எங்கேயாவது இரும்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். இதற்கும் எனக்குப் பதில் நீளம். நான் செய்வது பிசிறு எடுக்கிற வேலை. எங்கள் ஃபவுண்டரியில் சாக்கடை மூடியும் பம்பு உடம்பும் வார்க்கிறோம். உருக்கின இரும்பை மணல் அச்சில் ஊற்றி, ஆறினதும் அச்சை உடைத்தால், சாமான் ஓரமெல்லாம் பிசிறாக நிற்கும். அதைக் கிரைண்டரில் தேய்த்து எடுப்பேன். கண்ணாடி போட்டிருந்தாலும் பொறி எப்படியோ கண்ணுக்குள் வரும். அப்போதெல்லாம் எங்கள் மேஸ்திரி சிகரெட் அட்டையைக் கிழித்து, முனையை மடித்து, கண்ணிமையைத் திருப்பிப் பிடித்து எடுத்துவிடுவார். "வந்துச்சா?" என்று கேட்பேன். "வந்துச்சு, வந்துச்சு. போய் வேலையப் பாரு," என்பார். வந்ததா என்பது அவருக்கும் அட்டைக்கும் மட்டும்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. கண்ணுக்கு மட்டும் தனியாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒன்றும் இல்லையாம். மேஸ்திரியை அன்றைக்குத்தான் முதல்முறையாக மனதுக்குள் பாராட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளையாக ஒரு பெரிய வளையம், நடுவில் ஓட்டை, அந்த ஓட்டைக்குள் போக ஒரு பலகை. நீட்டிப் படுக்கவைத்து, தலையை அசையாமல் இருக்கக் கூண்டு மாதிரி ஒன்றைப் பூட்டி, காதை அடைத்து, மூக்குக்குக் கீழே ஒரு குழாயை வைத்தார்கள். கையில் ரப்பர் பந்து ஒன்று. பயமாக இருந்தால் அதை அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்களாம். "நிறையப் பேர் அமுக்கிடுவாங்க சார், சத்தம் தாங்காது. நீங்க பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் மிஷின் ஓட்டுகிற பையன். பயப்படாதே என்று என்னிடம் யாராவது சொன்னால்தான், பயப்படும்படி ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியவரும்.

உள்ளே போனேன். முதலில் மூக்குக் குழாயில் வாசனை வந்தது. வாசனைக்கு என் மூளை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் குழாய். என்ன வாசனை அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ரோஜா.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ரோஜா வாசனை எப்போது வரும் என்று தெற்கே இருப்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சாவு எடுக்கும்போது வரும். வண்டியில் இருந்து தெரு முழுக்க ரோஜாவை இறைத்துக்கொண்டு போவார்கள், பன்னீர் தெளிப்பார்கள், முன்னால் மேளம் வெடிக்கும். நான் மல்லாக்கப் படுத்திருக்கிறேன். தலையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். காதில் பஞ்சு. மூக்கில் ரோஜா. மேளம் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்த நேரத்தில் மிஷின் ஆரம்பித்தது. டமடமடம, டகடகடக, டர்ர்ர்.

ரப்பர் பந்தை அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கவில்லை. பிணம் பந்தை அமுக்கினால் நன்றாக இருக்காது என்று எண்ணியிருப்பேன். கொஞ்ச நேரம் போனதும் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தமாக ஆகிவிட்டது. நான் பிறந்த வீட்டுக்கு ஒட்டின சுவர் ஒரு தகடு அடிக்கிற பட்டறை. பிரஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டு என்ன ஆச்சு என்று கேட்போம். அதே தாளம். மேலே ஏசி வேறு. பிணத்துக்கு என்ன கவலை. தூங்கிவிட்டேன்.

வெளியே எடுத்த பிறகு மிஷின் பையனின் முகத்தைத்தான் பார்த்தேன். கட்டியைப் பார்த்த முகமா, சாப்பாட்டு நேரம் தாண்டிப்போன முகமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் நான் சொல்லக்கூடாது சார்," என்றான். வந்ததற்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று என் மூளையின் படம் ஒன்றைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தான். கிடைத்தது அதுதான். பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்து, ரயிலில் கையை மேலே அழுத்திக்கொண்டே வந்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் ஃபவுண்டரியில் அதை எடுத்துக் காட்டினேன். எங்கள் மேஸ்திரியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வார்த்த சாமான் எதுவானாலும் வெளியே போக அவர் சம்மதிக்க வேண்டும். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். டங் என்றால் நல்ல சாமான். டொக் என்றால் உள்ளே ப்ளோஹோல், அதாவது காற்றுக்குழி. ஊற்றும்போது அச்சுக்குள் மாட்டிக்கொண்ட காற்று வெளியே போக வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே பொந்தாக நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்டதன் மேல் மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அது மறுபடி உலைக்குப் போகும். அவர் போட்ட பெருக்கலை முதலாளிகூட அழித்ததில்லை.

"இன்னாடா இது, காலிபிளவரா?" என்றார் படத்தைப் பார்த்து.

"என் மூளை நைனா."

"உன்னுதா? பரவால்ல, கீது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வார்த்த சாமானைத் திருப்புவது போல இப்படியும் அப்படியும் திருப்பினார். சிரிப்பு நின்றது, அவருடையதும்தான். "இது இன்னா, நடுவுல கறுப்பா?"

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற மூளைக்கு நட்டநடுவில், வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்தது போல ஒரு கறுப்பு. அதுவரை நான் கட்டி மாதிரி வெளியே பிதுங்கி நிற்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளத்தைத் தேடத் தோன்றவே இல்லை.

"ப்ளோஹோலு," என்றார் மேஸ்திரி.

"மண்டையிலயா?"

"எதுல இருந்தா இன்னா? இதோ பாரு ஓரம், வழவழன்னு கீது. உடைஞ்ச ஓரமா இருந்தா பிசிறடிச்சிருக்கும். இது காத்து நின்ன எடம்தான். உன்ன வாத்தப்ப மணலு ஈரமா இருந்துருக்கும். உங்கம்மா அப்டியே ஊத்திட்டாங்க."

"அதான் நைனா இவனுக்குத் தலவலி. உள்ள காத்து சுத்திகினே கீது, போவ வழியில்ல," என்றான் உலை பக்கம் வேலை செய்கிறவன்.

"தட்டிப் பாரு நைனா," என்றான் இன்னொருத்தன்.

மேஸ்திரி என் உச்சியில் விரல் முட்டியால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்தார். விளையாட்டுக்குத்தான் செய்தார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டபோது அந்த ஷெட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கென்னவோ டொக் என்றுதான் கேட்டது.

"இரும்பா இருந்தா ஒலையில போட்டு உருக்கி மறுபடி ஊத்தலாம். உன்ன இன்னா பண்றது?" என்று கேட்டுக்கொண்டே, பழக்கதோஷத்தில், காதில் சொருகியிருந்த சாக்பீஸை எடுத்து என் மூளைமேல் ஒரு பெருக்கல் போட்டுக் கையில் கொடுத்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓட்டதான கீது? நீ கட்டினு தான பயந்துகினு இருந்த. அப்ப கட்டி இல்ல. சந்தோசமா இரு."

அதை நான் யோசிக்கவில்லை. கட்டியும் ஓட்டையும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த நியாயம் என்னைத் தாங்கியது. அப்புறம், ஒருவேளை ஓட்டை வளர்கிற ஜாதியாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இரும்பில் வளராது. மூளையைப் பற்றி மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் போன் வரவில்லை. கூப்பிடவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் போனை எடுத்துப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். அடிக்கும். பாய்ந்து எடுத்து ஹலோ என்பேன். நான்தான் கூப்பிட்டேன் என்பது ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது உண்மையாகவே அடித்தது. அந்த வளாகத்து நம்பர்.

"சார், மேடம் உங்களை ஒரு தடவை வரச் சொன்னாங்க."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு தெரியல சார். உங்க படத்தைப் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

கிரைண்டரை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "கூப்ட்டாங்க நைனா," என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "போய்ட்டு வா," என்றார். அவர் அப்படி மரியாதையாகப் பேசியதுதான் என்னை ரொம்பக் கலங்கடித்தது.

மறுநாள் மனைவி கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். ரயில் ராயபுரம் தாண்டும்போது, இனிமேல் இதையெல்லாம் பார்ப்போமோ மாட்டோமோ என்று தண்டவாளத்து ஓரக் குப்பைமேட்டைக்கூடப் பாசத்தோடு பார்த்தேன். சொல்லவேண்டியதை அப்போதே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"இதோ பாருமே. கேஸ் புக்கு பீரோ மேல் தட்டுல கீது."

"கேஸ் புக்கு எங்க கீதுன்னு எனுக்குத் தெரியும். வெச்சதே நான்தான். நீ என்னிக்காவது ஒரு சிலிண்டராவது சொல்லிகிறியா?"

"இல்ல, நான் இல்லாத காலத்துல..."

"நீ இருக்கற காலத்துலயே நான்தான் பாத்துகினு இருக்கேன். கம்முனு வா." அப்படிச் சொன்னவள் பீச் வரைக்கும் என் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற மாதிரி பேனாவை உருட்டினார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஸ்கேன்ல தூங்கிட்டீங்க."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வாசனை வரும்போது மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும். முழிச்சிட்டிருந்தாத்தான் அது தெரியும். அந்தச் சத்தத்துல இதுவரைக்கும் யாரும் தூங்கினதில்ல. நீங்கதான் முதல் ஆள். அதனால இன்னொரு தடவை எடுக்கணும். சங்கடமா இருந்துச்சு, அதான் நேர்ல சொல்லலாம்னு."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"அப்ப அந்த ஓட்டை?" என்றேன்.

"எந்த ஓட்டை?"

கவரிலிருந்து படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். "இதுல யார் பெருக்கல் போட்டது?"

"எங்க மேஸ்திரிங்க. ரிஜெக்டுன்னு."

அவர் எழுந்து, கம்ப்யூட்டரில் எதையோ தேடி, இன்னொரு மூளையைக் கொண்டுவந்து எங்கள் பக்கம் திருப்பினார். அதன் நடுவிலும் அதே கறுப்பு வண்ணத்துப்பூச்சி.

"இது யாருதுங்க?"

"என்னுது. மிஷினைச் சரிபார்க்கும்போது நாங்களே உள்ள படுத்து எடுத்துக்குவோம். அந்தக் கறுப்பு எல்லாருக்கும் உண்டு சார். அதுக்குள்ள தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கும். அது இல்லாத மூளையே கிடையாது."

மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், புடவைக்கு மேட்ச் பார்க்கிற கண். "இவரத விட உங்களுது கொஞ்சம் பெருசா கீதே மேடம்," என்றாள்.

"அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசப்படும்மா," என்றார் டாக்டர். ஆனால் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் கவனித்தேன்.

எனக்கு இன்னும் வேண்டியது கிடைக்கவில்லை. "மேடம், கட்டி?"

"அதான் சொன்னேனே சார். ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்னு."

"கூப்ட்டீங்களே."

நான் குதர்க்கம் பேசவில்லை. சொன்ன விதி அதுதான், நடந்ததும் அதுதான். அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, விதியை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். "ஸ்கேன் டாக்டர் முழுசா பாத்துட்டார். கட்டி எதுவும் இல்ல. சுத்தமா இல்ல. போதுமா?"

போதும் என்றேன். எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. அழுகை வரவில்லை. பசிதான் வந்தது.

அன்றைக்கே இரண்டாம் தடவை விழித்துக்கொண்டே படுத்தேன். நடுநடுவே மிஷின் பையன் காதுக்குள், "சார், முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தூங்காமல் இருக்க, கவலைப்படச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

எழுந்து வந்த பிறகு, அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சாதாரண மூளைக்கு ஒரு வாசனையைத் திரும்பத் திரும்பக் காட்டினால், முதலில் கவனிக்கும், பிறகு பழகிப்போய் விட்டுவிடும். சத்தமும் அப்படித்தான், வெளிச்சமும் அப்படித்தான். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் சரியாகப் படிவதில்லையாம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே மூளை எழுந்து நிற்குமாம். உங்களுக்கும் அப்படியா என்று எல்லோருடைய படமும் சேர்ந்த பிறகுதான் தெரியும் என்றார்.

"அந்த மிஷின் சத்தம் எனுக்குப் பழகிடுச்சே."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு," என்றார்.

ரயிலில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சத்தத்துக்குப் பிறந்ததிலிருந்தே பழகிவிட்டேன். இந்த மூக்கு மட்டும் எங்கேயோ பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், கேஸ் நாத்தமா, அதெல்லாம் பழகிடும் என்று. குடிவந்த புதிதில் மூக்கைப் பொத்துகிறவன், கொஞ்ச நாளில் அதே காற்றில் பாய் விரித்துப் படுத்துச் சோறு சாப்பிடுவான். ஊரே பழகிவிட்டது. அதிகாரிகள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்குப் பழகிவிட்டது. அந்த மூளைகள் எல்லாம் நல்ல மூளைகள். பழகிக்கொள்ளாமல் ஒரு மூளை மட்டும் ஒவ்வொரு தடவையும் நாறுகிறது, நாறுகிறது என்று எழுந்து நிற்கிறதே, அதைத்தான் மிஷினுக்குள் படுக்கவைத்துக் கோளாறு எங்கே என்று தேடுகிறார்கள். அந்த நாற்றத்தை விடுகிற புகைபோக்கியை யாரும் மல்லாக்கப் படுக்கவைத்துப் படம் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டியதும் ஜன்னலில் அந்த வாடை ஏறியது. பெட்டியில் ஒருவர் முகமும் மாறவில்லை. எனக்குக் கண்ணெதிரே வளைவு வெளிச்சம் ஓட ஆரம்பித்தது. கட்டி இல்லாத தலைவலி. வலி என்னவோ அதேதான். ஆனால் அன்றைக்கு அதன்கூடப் படுத்துக்கொள்ள முடிந்தது.

அடுத்த நாள் ஃபவுண்டரியில் மேஸ்திரி சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னாடா சொன்னாங்க?"

"கட்டி இல்லியாம் நைனா. ஓட்ட எல்லாருக்கும் கீதாம். அந்த டாக்டரம்மாவுக்கே கீது, கண்ணால பாத்தேன்."

தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது அவர் தொழிலில் கிடையாது. "அப்ப மொத்த லாட்டே ரிஜெக்டு," என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கடை மூடியைத் தட்டப் போய்விட்டார்.

ஆனால் டீ நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் தள்ளிப்போகும்வரை டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அங்க எல்லாரையும் எடுப்பாங்களா?"

"தலைவலி இல்லாதவங்களும் வேணுமாம் நைனா, ஒத்துப் பாக்கறதுக்கு. இன்னாத்துக்கு, உனுக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான். உள்ள எப்டி கீதுன்னு ஒரு தபா பாத்து வெச்சிக்கலாம்னு."

போனார். படுத்தார். வந்தார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் மேஸ்திரியின் போன் ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் கிடந்து அடித்து ஓயும். இப்போது இடுப்பில் சொருகி வைத்திருக்கிறார். அது அடிக்கும்போதெல்லாம் அவர் சுத்தியல் பாதியில் நிற்கிறது. நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு, மரியாதையாக அவரையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னாடா பாக்கற? வேலையப் பாரு," என்பார்.

"ஒண்ணுமில்ல நைனா. அவங்களா இருந்தா போய்ட்டு வா."